பால்மரம் முதல் பெடல் வரை

மழை பெய்தால் கீரிப்பாறையில் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. ரப்பர் மரத்தின் பட்டையில் சாய்வாகக் கீறிய தடத்தில் மழைநீர் இறங்கினால், சிரட்டை நிரம்பி வழிந்து பால் மண்ணுக்குப் போய்விடும். ஈரம் ஊறிய வெட்டுப்பட்டையில் பூஞ்சை பிடிக்கும். அதனால் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்கு முன்பே, மரத்தின் இடுப்பைச் சுற்றி பாலித்தீன் தாளைப் பாவாடையாகக் கட்டித் தார்ப்பசையால் ஒட்டிவிடுவார்கள். சென்னை வடபழனியில் கார் சாமான் கடையில் ‘எந்த மழைக்கும் தாங்கும் சார்’ என்று சொல்லி விற்கிற கறுப்பு ரப்பர் மேட்டுக்குத் தாய்மரம் இதுதான். மழைக்கோட்டு இல்லாமல் அதற்கே வேலை ஓடாது.

பால் வெட்டுகிறவர் விடியுமுன்னே நெற்றி விளக்கோடு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார். வெயில் ஏறுவதற்கு முன்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் தாராளமாக வடியும். கத்தி ஒவ்வொரு முறையும் சீவி எடுப்பது மெல்லிய பட்டைச் சீவல் மட்டுமே. கை கொஞ்சம் அழுந்திக் கத்தி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் முடிச்சு விழும், பட்டை மறுபடி ஒழுங்காக வளராது. நட்டதிலிருந்து சுமார் ஏழு வருஷம் காத்திருந்தால்தான் முதல் கீறலே. 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயல் குமரி மாவட்டத்தில் ஏராளமான ரப்பர் மரங்களைச் சாய்த்துப் போட்டது. அதற்குப் பின் நட்ட கன்றுகள் இப்போதுதான் பாலுக்கு வருகின்றன.

வடிந்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். அதைத் தட்டில் ஊற்றி ஆசிட் கலந்து உறைய வைத்து, மறுநாள் உருளையில் கொடுத்து ஷீட்டாக அடிப்பார்கள். குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் வீட்டு முற்றத்துக் கொடியில் துணிமணிக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட்டும் காய்வதைப் பார்க்கலாம். வெட்டுத் தடத்தில் வழிந்து உலர்ந்து நாடாவாக ஒட்டிக்கொண்டிருப்பது ஒட்டுப்பால். அதை உரித்துச் சாக்கில் சேர்த்துத் தனியே விற்பார்கள். விலை குறைவு, நாற்றம் அதிகம். புகை போட்ட நல்ல ஷீட்டுக்கு டயர் கம்பெனிகள் முந்திக்கொள்ளும். காலடியில் கிடக்கிற சாமான்களுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் அதற்கு அடுத்த தரங்கள்தான்.

இந்த மரமே நம்மூர்க்காரன் இல்லை. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலேற்றினார். முளைத்தது என்னவோ இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அதில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே வருஷம் சிலோனுக்கு வந்து, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் ஊன்றப்பட்டன. அங்கிருந்து மலபார்க் கரை, திருவிதாங்கூர். சிங்கப்பூர் வழியாக மலாயா. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பகுதி, கங்காணி அழைத்துப் போன நம் ஜனங்கள். அவர்கள் வாயில் அது பால்மரம்.

குமரி மாவட்டத்தில் கதை இன்னொரு சுற்று சுற்றியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் பலவற்றுக்கு, அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கொடுத்தார்கள். கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு என்று விரியும் அந்தத் தோட்டங்களை 1984 முதல் நடத்திவருவது நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசு ரப்பர் கழகம். கன்று சிலோனிலிருந்து வந்தது, அதை வெட்டுகிற கையும் சிலோனிலிருந்தே வந்தது. காரில் ஏறும்போது யாரும் இதை நினைப்பதில்லை, நினைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் அடுத்த தலைமுறையில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காது என்பது தோட்டப் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

ஷீட் லாரி ஏறி சென்னைக்கு வருகிறது. வருகிற ரப்பர் இன்னும் எந்தப் பருவத்துக்கும் லாயக்கில்லாதது. பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். 1830-களில் அமெரிக்காவில் ரப்பர் செருப்பும் கோட்டும் செய்து விற்ற கம்பெனிகள், ஒரு கோடைக்குள் சரக்கு உருகி நாறித் திவாலாயின. 1839-ல் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கினால் அது உருகாது, உறையாது என்று கண்டுகொண்டார். கலவை தவறிப்போய்ச் சூடான அடுப்பில் விழுந்ததாகக் கதை சொல்வார்கள். எப்படி விழுந்ததோ, ரப்பரை முக்காலத்துக்கும் ஆக்கியது அந்தக் கந்தகம்தான். மரத்தின் பெருமை பாதி, கந்தகத்தின் பெருமை பாதி.

சென்னைக்கு ரப்பர் தொழில் புதிதில்லை. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்ததுதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. மேட் அவ்வளவு பெரிய இடத்தில் பிறப்பதில்லை. அம்பத்தூர், திருமுடிவாக்கம் மாதிரியான தொழிற்பேட்டைகளில் இரண்டு உருளை மில்லும் ஒன்றிரண்டு ஹைட்ராலிக் பிரஸ்ஸும் வைத்திருக்கிற பட்டறை போதும். எதிரெதிராகச் சுற்றும் இரும்பு உருளைகளுக்கு நடுவே ஷீட்டைப் போட்டு மசிய அரைப்பார்கள். அதில் கந்தகம், துத்தநாக ஆக்சைடு, எண்ணெய், கரிப்பொடி. ரப்பர் மேட் ஏன் எப்போதும் கறுப்பு என்று கேட்பவர்களுக்குக் கரிப்பொடிதான் பதில். அது நிறத்துக்காக மட்டும் சேர்ப்பதில்லை, தேய்மானத்தையும் வெயிலையும் தாங்குகிற பலமே அதிலிருந்துதான். அடக்க விலையைக் குறைக்க வேண்டுமானால் களிமண் பொடியும் சுண்ணப் பொடியும் போகும். இன்னும் குறைக்க வேண்டுமானால், பழைய டயரை அரைத்துப் பக்குவம் செய்த ‘ரீக்ளெய்ம்’ ரப்பர் போகும். நீங்கள் புதிதாக வாங்கிய மேட்டில் நாமக்கல் லாரி ஒன்றின் போன ஜென்மத்து டயர் கலந்திருக்கலாம். அதில் தப்பொன்றும் இல்லை, அளவு மீறாத வரைக்கும். கலந்த மாவை அச்சில் வைத்து 150 டிகிரி அளவுக்குச் சூடேற்றி அழுத்தினால் சில நிமிஷத்தில் மேட் வெளியே வரும். ஓரத்தில் பிதுங்கிய பிசிறைக் கத்தியால் அரிந்து எறிந்துவிட்டு, அடுக்கிக் கட்டி, ஜி.பி. ரோடுக்கு அனுப்புவார்கள்.

அண்ணா சாலையிலிருந்து பிரியும் இந்த ஜெனரல் பேட்டர்ஸ் சாலைதான் சென்னையின் கார் சாமான் சந்தை. வடபழனிக் கடைக்காரர்கள் பலருக்கும் மொத்த சரக்கு அங்கிருந்துதான். அங்கே போனவுடன் ஒரு உண்மை தெரியும்: ‘ரப்பர் மேட்’ என்று சொல்லி விற்பதில் பெரும்பாலானவை ரப்பரே இல்லை. நிறையப் பங்கு பி.வி.சி. கொஞ்சம் விலை கூடினால் டி.பி.இ. இது ரப்பரின் குணமும் பிளாஸ்டிக்கின் குணமும் சேர்ந்தது, நாற்றம் அடிக்காது, உருக்கித் திரும்ப வார்க்கலாம். கந்தகம் ஏற்றிய ரப்பரை அப்படி உருக்க முடியாது. பி.வி.சி. மேட்டின் வில்லங்கம் மே மாதத்தில் தெரியும். அதை வளைய வைக்கக் கலந்த ரசாயனம், வெயிலில் நின்ற காருக்குள் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் படலமாகப் படியும். அது போகப் போக மேட்டும் விறைத்துப்போகும்.

வடபழனியில் மேட் வாங்க ஒரு முகூர்த்தம் உண்டு. டெலிவரி எடுத்த கையோடு வண்டியை முருகன் கோயிலுக்கு ஓட்டி வருவார்கள். நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம், பானெட்டில் சந்தனம் குங்குமம், மாலை. அப்படியே திரும்பி ஆற்காடு சாலையிலோ நூறடி ரோட்டிலோ ஒரு அக்சசரீஸ் கடை வாசலில் நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் வாங்குகிறவர் மனசு தாராளமாக இருக்கும் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

“சார், செவன்-டி போட்டுட்டீங்கன்னா வண்டி லுக்கே மாறிடும்.”

“தம்பி, மழைக்குத் தாங்குமா?”

“அண்ணே, தண்ணி உள்ளயே போகாதுண்ணே.”

போகும். செவன்-டி என்பது செயற்கைத் தோலுக்கடியில் பஞ்சு வைத்துத் தைத்து, தரை முழுக்க மூடுகிற விரிப்பு. பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் தையலோரம் இறங்கிய தண்ணீர் அடியில் சிக்கினால் வெளியே வர வழி கிடையாது. காரின் சொந்தக் கார்ப்பெட்டுக்கும் அதற்கடியில் உள்ள கனத்த ஃபெல்ட்டுக்கும் ஈரம் இறங்கி, நவம்பர் முழுக்க ஏ.சி. போட்டவுடன் ஊறின சாக்கு நாற்றம் அடிக்கும். சுருள் இழைகளால் ஆன நூடுல்ஸ் மேட் மண்ணை நன்றாக விழுங்கும், ஆனால் விழுங்கிய மண் லேசில் வெளியே வராது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட ஆற்காடு சாலையில் வருஷக்கணக்கில் மிதித்தவர்களுக்கு இது புரியும். என் தீர்ப்பு, சென்னைக்கு ஓரம் உயர்ந்த ஒற்றை வார்ப்பு ரப்பர் அல்லது டி.பி.இ. மேட்தான். மற்றதெல்லாம் வாங்குகிற அன்றைக்கு மட்டும் அழகு.

கடையில் நின்று செய்யக்கூடிய சோதனைகள் சுலபம். மேட்டின் மூலையை முழுக்க மடக்கிப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ கீறல் கண்டாலோ உள்ளே பொடி அதிகம், ரப்பர் குறைவு. வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு இறங்கினால் விட்டுவிடுங்கள், கல்யாணத்துக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகும் நாளில் கரையோரம் அந்தக் கறுப்புதான் இருக்கும். முகர்ந்து பாருங்கள். புது ரப்பருக்கு வாசனை இருக்கத்தான் செய்யும், கண்ணைக் கரிக்கிற நெடி இருக்கக்கூடாது. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும் மகனிடம் பேர் பெற்ற கம்பெனி மேட் கொண்டுவரச் சொல்லும் அப்பாக்கள் நம்மூரில் உண்டு. சொல்லாதீர்கள். அங்கே டிரைவர் இடது பக்கம். பெடலுக்கு வெட்டிய வளைவும் கொக்கித் துளையும் உங்கள் வண்டியில் பக்கத்து சீட்டுக்குத்தான் போகும்.

ஓரம் உயர்ந்த இந்த வடிவம் பனி விழுகிற ஊர்களில் பழகியது. பூட்ஸில் ஒட்டி வந்த பனியும் சாலையில் தூவிய உப்பும் காருக்குள் கரைந்து வழியாமல் பிடித்து வைக்க அந்த வரப்பு. நமக்குப் பனி இல்லை. சென்னைக்கு ஒரு வருஷத்தில் பெய்வது சுமார் 140 செ.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள். நனைந்த செருப்பு, சொட்டும் குடை, ஸ்கூல் பை என்று வருகிற தண்ணீரை வரப்பு தாராளமாகப் பிடித்துக்கொள்ளும்.

அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் கதவிடுக்கு வழியாகவும் அடித்தளத் துளைகள் வழியாகவும் கீழிருந்து ஏறியது. அப்போது மேட் மிதக்கும், அவ்வளவுதான். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அவர்கள் ஏதோ ஒரு மேட் கம்பெனியை நம்பவில்லை, உயரத்தை நம்பினார்கள். தண்ணீர் புகுந்த வண்டியில் முதலில் மேட்டை வெளியே எடுங்கள், கார்ப்பெட்டைத் தூக்கி ஃபெல்ட்டைக் காய வையுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள்.

ஆனால் மேட் விஷயத்தில் உயிர் சம்பந்தப்பட்ட இடம் மழை இல்லை, பெடல். 2009 ஆகஸ்ட் 28 அன்று கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்குப் பக்கத்தில் ஒரு லெக்சஸ் இ.எஸ். 350 கார், ஆக்சிலரேட்டர் அழுந்தியபடியே சிக்கிக்கொள்ள, நிறுத்த முடியாமல் பாய்ந்து விழுந்ததில் நாலு பேர் இறந்தார்கள். டீலர் தற்காலிகமாகக் கொடுத்த வண்டி அது. அதில் கிடந்தது, வேறொரு பெரிய லெக்சஸுக்காகச் செய்த எல்லாப் பருவத்துக்குமான ரப்பர் மேட். அளவு பொருந்தவில்லை, கொக்கியில் மாட்டவும் இல்லை. பெடலின் கீழ்முனை அதன் விளிம்பில் சிக்கியது. இரண்டு வருஷம் முன்பே, 2007-ல், டொயோட்டா இதே மாதிரி ரப்பர் மேட்களை 55,000 அளவில் திரும்ப வாங்கியிருந்தது. விபத்துக்குப் பின் 38 லட்சம் வண்டிகள் வரை திரும்ப அழைத்தது. பெடலின் நீளத்தைக் குறைத்தார்கள். பாதுகாப்புக் குறைகளை மறைத்த வழக்கை முடித்துக்கொள்ள 2014-ல் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த மேட்டில் ரப்பர் குறை எதுவும் இல்லை. தப்பான வண்டியில், கட்டிப்போடாமல் கிடந்ததுதான் குறை.

நம்மூரில் இதையே ஆசையாகச் செய்கிறோம். கம்பெனி கொடுத்த கார்ப்பெட் மேட் அழுக்காகிவிடக்கூடாது என்று அதை அப்படியே விட்டுவிட்டு, மேலே ரப்பர் மேட் போடுவோம். அதன் மேல் வாட்டர் வாஷ்காரர் ஒரு பேப்பர் விரிப்பார். வெறுங்காலோடு ஓட்டுகிறவர் செருப்பைக் கழற்றி அங்கேயே விடுவார். பாதி குடித்த தண்ணீர் பாட்டிலும் எங்கிருந்தாவது உருண்டு வரும். கொக்கி கீழே இருக்கிற மேட்டில் மாட்டியிருக்கிறது, மேலே கிடப்பதைப் பிடிக்க ஆளில்லை. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கிற ‘யுனிவர்சல்’ மேட்டில் கொக்கித் துளையே இருக்காது. நூறடி ரோடு சிக்னலில் பிரேக் போட்டுப் போட்டு நகரும்போது ஒவ்வொரு மிதிக்கும் அது துளித் துளியாக முன்னால் நகரும். பின் சீட்டுக்கு யுனிவர்சல் போட்டு மிச்சம் பிடியுங்கள், கேள்வியில்லை. டிரைவர் பக்கத்துக்கு மட்டும் உங்கள் வண்டியின் மாடலுக்கே அச்சு எடுத்தது வேண்டும்.

மேட்டுக்கு ஓய்வுபெற்ற பிறகும் வேலை இருக்கிறது. குதிகால் ஊன்றும் இடத்தில் ஓட்டை விழுந்த மேட், மெக்கானிக் வண்டிக்கடியில் படுக்க விரிப்பாகும், இஸ்திரி வண்டிக்காரரின் காலடிக்குப் போகும், ஆட்டோவின் அளவுக்கு வெட்டப்படும், சமையலறையில் கேஸ் சிலிண்டருக்கடியில் போகும். அங்கேயும் தேய்ந்தபின் காயலான் கடை. பி.வி.சி., டி.பி.இ. என்றால் உருகி வேறொன்றாகும். ரப்பராக இருந்தால் அரைத்துப் பொடியாக்கி இன்னொரு மாவில் கலப்பதுதான் வழி. குப்பையோடு சேர்த்து எரித்துவிடாதீர்கள், கந்தகப் புகை நெஞ்சை அடைக்கும்.

இன்றைக்கு வண்டியில் ஏறும்போது ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். எஞ்சின் அணைந்திருக்கட்டும். டிரைவர் பக்கத்தில் ஒரே ஒரு மேட்தான் இருக்கிறதா, இரண்டு கொக்கியும் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ஆக்சிலரேட்டரைத் தரை வரைக்கும் அழுத்தி விடுங்கள், அது எங்கும் உரசாமல் தானாக மேலே வர வேண்டும். மேட்டைத் தொட்டால், அடுத்த மேட் வாங்குகிற வரைக்கும் வெறும் கார்ப்பெட்டில் ஓட்டுங்கள்.